அறுநூறு அடி

பழைய கடல் வாட்சுக்கு, அதன் மாடலையே கம்பெனி புதிதாகச் செய்து மறுவெளியீடு விட்டுவிட்ட சேதி தெரியக் கூடாது. தெரிந்தால், தன் டயலில் எழுதியிருக்கும் ஆழம் வரைக்கும் இறங்கிக் காட்டியாக வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கும். கட்டியிருக்கும் ஆளும் கூட இறங்க வேண்டியதுதான், ஏனென்றால் சேதி கேட்ட வாட்சைக் கையிலிருந்து கழற்ற முடியாது. தூத்துக்குடியில் இதுவரை மூன்று பேர் இப்படி இறங்கியிருக்கிறார்கள். ஒருவரும் ஏறி வரவில்லை.

முன்கூட்டியே கழற்றி அலமாரியில் வைத்துவிடலாமே என்று கேட்கலாம். வைக்கக் கூடாது. திடீரென்று கழற்றினால் வாட்ச் சந்தேகப்படும். நெஞ்சுவலிக்காரரிடம் வீட்டுச் சாவை மறைக்கிறவர்கள் அவரைத் தனி அறையில் வைத்துப் பூட்டவா செய்கிறார்கள்? கூடவே வைத்துக்கொண்டு, முகம் மாறாமல், சோறு போட்டு, சிரித்துப் பேசித்தான் மறைக்கிறார்கள். இதற்கும் அதே முறைதான்.

கிளாட்சன் மோத்தாவின் கையில் இருந்தது நெரிட்டா 600. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் வந்தது. கப்பலின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற வேலை பார்த்த ஒருவர், வேலையை விடும்போது அவனிடம் கொடுத்தது. கறுப்பு டயல். மணிக்குறிகளில் பூசிய ரேடியம் வயதாகி, உருக்கிய நெய்யின் நிறத்துக்கு வந்திருந்தது. ஆறு மணிக்குச் சற்று மேலே, வெள்ளையில், 600 அடி என்று ஆங்கிலத்தில் பொடியாக எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் அது உண்மையாக இருந்திருக்கும். இப்போது உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்த அப்பளம் மாதிரி. ஒரு வாளித் தண்ணீரைத் தாங்காது. இது வாட்சுக்குத் தெரியாது. அது இன்னும் தன்னை அறுபத்தாறில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. அப்படி நினைக்க விடுவதுதான் சேகரிப்பாளனின் வேலையே.

கிளாட்சனுக்கு நீச்சல் தெரியாது. ஊரின் வாட்ச் சேகரிப்பாளர் சங்கத்தில் இருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது. கடல் வாட்ச் சேர்க்கிறவர்கள் கடலில் இறங்குவதில்லை. மழை தூறினாலே இடது கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்வார்கள். கிளாட்சன் பத்தொன்பது வருடமாக ஒரு கையால்தான் முகம் கழுவினான். அதனால் அவன் முகத்தில் ஒரு பக்கம் எப்போதும் கொஞ்சம் சோப்பு இருக்கும். அவன் மனைவி ஜெனோவா அதைத் தன் கையால் துடைத்துவிட்டுத்தான் வேலைக்கு அனுப்புவாள்.

துறைமுகத்தில் அவன் டாலி கிளார்க். கப்பலிலிருந்து எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சனிக்கிழமை பகல் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது லம்பர்ட் ரொட்ரிகோ போன் செய்தார். அவர்தான் சங்கத்தின் செயலாளர்.

"கிளாட்சா, எங்கல நிக்க?"

"பெர்த்துல அண்ணே. யூரியா எறங்குது."

"வீட்டுல ஒரு விசேஷம்."

கிளாட்சன் எழுதிக்கொண்டிருந்த சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தான். வாட்சுக்குப் புரியாமலிருக்க, சங்கத்தில் மறுவெளியீட்டுக்கு வைத்திருக்கும் பேர் விசேஷம்.

"யாரு வீட்டுலண்ணே?"

"உன் வீட்டுலதாம்ல. வேற எவன் வீட்டுக்கு உன்கிட்ட போன் பண்ணுவேன்?"

அவன் போனை வைத்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், முதலுதவிப் பெட்டியைத் திறந்து கிரேப் பேண்டேஜை எடுத்து வாட்சோடு சேர்த்து மணிக்கட்டைச் சுற்றினான். துணி சுற்றினால் வாட்சுக்குக் கண் தெரியாது, காதும் பாதிதான் கேட்கும். இடது மணிக்கட்டில் பேண்டேஜ் போட்ட ஆளைப் பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் புரியும். சுளுக்கா என்று யாரும் கேட்பதில்லை. சூப்பர்வைசர் அவனைப் பார்த்ததும் மைக்கில் பேசுவதை நிறுத்திவிட்டுக் கையால் சைகை காட்டத் தொடங்கினார். டீக்கடையில், பேப்பரில் நெரிட்டா விளம்பரம் இருந்த பக்கத்தைக் கடைக்காரர் தானாகவே கிழித்து வடை மடித்துவிட்டார்.

சங்கம் கூடுவது ஒரு மக்ரூன் கடையின் மாடியில். விசேஷம் நடந்த வீட்டுக்காரர் சீனிச் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு உட்கார வேண்டும். சீனிக்குள் சத்தம் போகாது. எறும்பு போகும். கிளாட்சன் கடிவாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரொட்ரிகோ போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டினார். கீழே அடுப்புச் சூடு, மேலே ஐந்து பேருடைய மூச்சு.

"முப்பத்தெட்டர மில்லிமீட்டர நாப்பத்தொண்ணு ஆக்கிட்டான். இவன்ட்ட எவன்வே கேட்டான்?"

"ரேடியத்தப் பாத்தீராவே? பழசு மாதிரி தெரியணும்னு நெய் கலர்லயே அடிச்சு அனுப்பியிருக்கான். பொறந்த பிள்ளைக்கு டை அடிச்சு நரை வச்ச மாதிரில்லா இருக்கு."

"கண்ணாடி நல்ல கண்ணாடியாம். கீறலே விழாதாம்."

"கீறல் விழாத கண்ணாடிய வச்சு என்னத்தவே பண்ண? சீப்பு வச்சுத் தல சீவவா?"

"தண்ணிக்கு?"

"ஆயிரம் அடி தாங்குமாம்."

எல்லோரும் சீனிச் சாக்கைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள்.

கடைசியில் ரொட்ரிகோ படத்தை இன்னும் பெரிதாக்கினார். நாலரை மணி இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு குறிகளுக்கு நடுவில், சாய்வாக, தேதி காட்டும் ஜன்னல் ஒன்று இருந்தது. பழைய நெரிட்டாவில் தேதியே கிடையாது. ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொருவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்று வந்தார். கிளாட்சனுக்குச் சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. வாயை மூடிக்கொண்டான். கட்டியிருக்கிறவனின் பேச்சு எலும்பு வழியாகவே போய்விடும், சீனி ஆயிற்றே என்று நம்பிப் பேச முடியாது. முன்னால் ஒருவர் அப்படி நம்பித்தான் போனார்.

திட்டி முடித்ததும் நாலு பேரும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்ப் போனில் அந்த மறுவெளியீட்டுக்கே பதிவு செய்தார்கள். வழக்கம் அதுதான். திட்டாமல் வாங்குகிறவன் வெறும் வாடிக்கையாளன். கிளாட்சன் வலது கையால் ரொட்ரிகோவின் சட்டையை இழுத்து, எனக்கும் ஒன்று என்று விரலைக் காட்டினான். ரொட்ரிகோ ஜெனோவாவின் பேரில் போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இருபத்தொரு நாள். மறைப்பது கஷ்டமாக இல்லை. ஊரே சேர்ந்து மறைத்தது. கருத்தை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கஷ்டம். தேதி ஜன்னலைப் பற்றி அவனுக்கு ஒரு கருத்து இருந்தது. அது நெத்திலி முள் மாதிரி தொண்டையில் குறுக்காக நின்றது. எங்காவது போய்க் கத்திவிட்டு வரலாம் என்றால் கை கூடவே வரும். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்றாலும் அதே கைதான். எழுதிப் பார்த்தான். எழுதினால் ஆறவில்லை. யாராவது ஒருத்தன் தலையை ஆட்டி, ஆமாம்வே, அநியாயம்வே என்று சொல்ல வேண்டும். ராத்திரி தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயந்து வாயில் கைக்குட்டை வைத்துக்கொண்டு படுத்தான். ஜெனோவா தினமும் காலையில் அந்தக் கைக்குட்டையை அலசிக் காயப்போட்டாள்.

ஜெனோவா ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். அவளுக்கு வாட்ச் என்றால் மணி பார்க்கிற சாமான். பார்சல் வந்தது ஒரு சனிக்கிழமை. அவளே வாங்கி, பின்கட்டில் வைத்துப் பிரித்து, கட்டிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. கழற்ற மறந்துவிட்டாள். அதோடு வந்து அவனுக்குச் சோறு போட்டாள்.

சீலா மீன் குழம்பு. அவன் வலது கையால் பிசைந்துகொண்டிருந்தான். பேண்டேஜ் போட்ட கை மேஜைமேல் இருந்தது. ஜெனோவா மறுவெளியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும், இன்றைக்குத் தேதி என்ன என்று நினைத்தாள். நினைத்து, மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"பதினேழா ஆயிட்டு?" என்றாள்.

கிளாட்சன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான். நேரில் அந்த ஜன்னல் படத்தில் பார்த்ததைவிடச் சாய்வாக இருந்தது.

"அது எந்த எடத்துலட்டி வச்சிருக்கான் தேதிய? நாலுக்கும் இல்லாம அஞ்சுக்கும் இல்லாம, குடிச்சவன் மாதிரி சாஞ்சு கெடக்கு! பழசுல உண்டுமா இது? ரீஇஷ்யூங்கிற பேருல நெரிட்டாவோட மூஞ்சில ஓட்ட போட்டு வச்சிருக்கான்!"

சொல்லி முடித்ததும் அவனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. உண்மை. மூன்று வாரத்தில் அவ்வளவு சுகமாக அவன் இருந்ததில்லை. அந்தச் சுகம் ஒரு வாய்ச் சோறு விழுங்குகிற நேரம்தான்.

பேண்டேஜுக்குள் டிக் டிக் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. ஸ்ட்ராப் தானாக ஒரு ஓட்டை உள்ளே நகர்ந்து இறுகியது.

"கேட்டுட்டா?" என்றாள் ஜெனோவா.

"கேட்டுட்டு."

அவள் சட்டியிலிருந்து இன்னொரு துண்டு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். "சாப்பிடுங்க. எத்தன ஓட்ட பாக்கி?"

"அஞ்சு."

சேதி கேட்ட பிறகு வாட்சுக்கு வேறு எந்தப் பேச்சும் காதில் ஏறாது. ஒரு நாளைக்கு ஓர் ஓட்டை. ஆறாவது ஓட்டை வரும்போது தண்ணீரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாட்ச் தானே கிளம்பிப் போகும், கையை எடுத்துக்கொண்டு. கை போனால் போகட்டும் என்று கிளாட்சன் ஒரு முழு மத்தியானம் யோசித்தான். ஆனால் வாட்சும் அல்லவா போய்விடும்.

மறுநாள் ரொட்ரிகோ வீட்டுக்கு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. படகு ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னார். அறுநூறு அடி என்றால் கடல்காரர் கணக்கில் நூறு பாகம். அவ்வளவு ஆழம் வேண்டுமென்றால் தெற்கே அரை நாள் ஓட வேண்டும். புறப்படும்போது வாசலில் நின்று தயங்கினார்.

"நல்ல போட்டோ ஒண்ணு குடுல. சங்கத்துல மாட்டணும்லா."

கிளாட்சன் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒன்றைக் கொடுத்தான். ரொட்ரிகோ அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல கை தெரியலியே. முகம் இல்லாட்டா பரவால்ல, வாட்ச் தெரியுற மாதிரி ஒண்ணு குடு."

மூன்றாவது ஓட்டையில் விரல் நுனி மரத்துப்போனது. கிளாட்சன் நடு வீட்டில் நடந்துகொண்டே இருந்தான். குளிக்கும் அறை வரை போவான், குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரைப் பார்ப்பான், மூடிவிட்டு வருவான். ஜெனோவா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவனுடைய இடது கையையே பார்த்தாள்.

"அதுல எழுதியிருக்கிறதத்தான நம்புது அது?" என்றாள்.

"ஆமா."

"தன் மூஞ்சிய அது பாத்ததில்லலா?"

"எந்த வாட்ச் பாத்திருக்கு?"

"அப்போ ரெண்டு சைபர அழிச்சிருவோம். ஆறடி. போய் முங்கிட்டு வாங்க. குளிச்ச மாதிரி."

கிளாட்சன் நடப்பதை நிறுத்தினான். இவ்வளவு அசிங்கமான ஒன்றைத் தன் மனைவி வாயால் கேட்டது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

"டயலத் தொடுறதா?"

டயலைத் தொட்டால் அதோடு சரி. சேகரிப்பவர்களிடம் இதற்கு மன்னிப்பு கிடையாது. ஸ்ட்ராப்பை மாற்றலாம், கண்ணாடியை மாற்றலாம், உள்ளே ஓடுகிற பல்சக்கரத்தைக்கூட மாற்றலாம். டயலில் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் அது வாட்ச் இல்லை. டயல் தொட்டவனிடம் ஊரில் யாரும் மணி கேட்க மாட்டார்கள். அவனுக்கு யாரும் மணி சொல்லவும் மாட்டார்கள். அவன் எழுதும் நேரம் செல்லாது. டாலி சீட்டில் அவன் பத்தரை என்று எழுதினால் அது பத்தரை ஆகாது. மூட்டை இறங்கியும் இறங்காததாகவே கிடக்கும். வேலை போகும்.

இதையெல்லாம் அவன் அவளிடம் சொன்னான். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் முழுக்கக் கேட்டாள்.

"நான் கேப்பேன்லா மணி," என்றாள். "காலைல ஒருக்கா, ராத்திரி ஒருக்கா. ஊர்ல ஒருத்தன் கேக்காட்டாலும் நான் கேப்பேன்."

"நீ கேட்டாப் போதுமா?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்கே தெரிந்தது. ஜெனோவா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள். ஒரே தட்டை ரொம்ப நேரம் கழுவினாள்.

ஐந்தாவது ஓட்டையில் அவள் அவனைக் கேட்கவில்லை. சட்டையை எடுத்து மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அவனும் கூடவே போனான். பயம் வந்தால் கொள்கை கொஞ்சம் பின்னால் நடந்து வரும், அவ்வளவுதான்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நெய்னாவின் வாட்ச் ரிப்பேர் பெட்டிக்கடை இருக்கிறது. நெய்னா பேண்டேஜை அவிழ்த்துப் பார்த்து, கண்ணில் மாட்டியிருந்த லென்ஸை நெற்றிக்கு ஏற்றினார்.

"கண்ணாடிய மேல இருந்தே தூக்கிரலாம் அண்ணாச்சி. அது செய்வேன். டயலத் தொடமாட்டேன். எங்க வாப்பா தலையில சத்தியம் பண்ணிட்டு ஒக்காந்த தொழிலு."

"நீங்க கண்ணாடியத் தூக்குங்க," என்றாள் ஜெனோவா. "தூக்கிட்டு அங்கிட்டுப் பாத்துக்கிடுங்க."

நெய்னா கண்ணாடியைத் தூக்கினார். தூக்கிவிட்டுத் தெருவில் போன பஸ்ஸைப் பார்த்தார். ஜெனோவா பையிலிருந்து பெயின்ட் கரைக்கிற திரவம் இருந்த ஒரு சின்னக் குப்பியையும் தீக்குச்சியையும் எடுத்தாள். குச்சி முனையைப் பல்லால் கடித்துப் பஞ்சு மாதிரி ஆக்கி, குப்பியில் நனைத்து, உதறினாள். ஆய்வகத்தில் இருபது வருடமாகச் சொட்டு எண்ணிய கை அவளுடையது. ஒரு நடுக்கம் இல்லை. கிளாட்சன் கண்ணை மூடிக்கொண்டான். முதல் சைபர் போகும்போது அவனுக்குப் பல் கூசியது. இரண்டாவது போகும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. வாட்ச் ஒரு தடவை விக்கியது. பிறகு சாதாரணமாக ஓடியது.

"முடிஞ்சா?" என்று தெருவைப் பார்த்தபடியே கேட்டார் நெய்னா. "மூடிரவா?"

அவர் டயலைப் பார்க்காமலே கண்ணாடியை அழுத்தி மூடினார். கிளாட்சனையும் பார்க்கவில்லை. கிளாட்சன் போகும்போது வழக்கமாக, "மணி என்ன அண்ணாச்சி?" என்று கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை.

ஆறாவது நாள் காலையில் சங்கத்துக்காரர்கள் கடற்கரைக்கு வந்துவிட்டார்கள். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி நாலு. ரொட்ரிகோ கோட் போட்டிருந்தார். இறங்குகிறவரின் வாட்சை முன்னால் பரிசோதிப்பதில்லை, அது மரியாதை இல்லை. ஒருவேளை ஏறி வந்தால் அப்போதுதான் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். இதுவரை அந்த லென்ஸுக்கு வேலை வரவில்லை. ரொட்ரிகோ அதைத் துடைத்துத் துடைத்துப் புதிதாகவே வைத்திருந்தார்.

"படகு அங்க நிக்கி," என்றார்.

"படகு வேண்டாம்ணே. நடந்தே போயிருதேன்."

"நடந்தா? அறுநூறு அடிக்கா?"

கிளாட்சன் தலையை ஆட்டினான். பொய் சொல்ல வாய் வரவில்லை, தலை ஆடியது. ரொட்ரிகோவுக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தீராவே? இதுதாம்வே அசல். இன்னைக்கு உள்ளவன் எவன் செய்வான்?"

நாலு பேரும் எழுந்து நின்றார்கள். கிளாட்சன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். ஜெனோவா தண்ணீர் தொடும் இடத்தில் துண்டோடு நின்றாள். அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கைய மண்ணுல தொட்டதும் வந்திருங்க," என்றாள். "பாக்குறவன் பாக்கட்டும். வந்திருங்க, என்ன?"

அவன் இறங்கினான். முழங்கால். இடுப்பு. நெஞ்சுக்கு வந்தபோது நின்றுவிடலாம் போலிருந்தது, வாட்ச் இழுத்தது. கழுத்து. வாய். கண்ணைத் திறந்துகொண்டே போனான். தலைக்கு மேல் தண்ணீர் மூடியது. இன்னும் நாலு எட்டு. ஆறடி ஆழத்தில் குனிந்து இடது கையை மண்ணில் வைத்தான்.

முட்கள் ஒரு சுற்றுச் சுற்றின. ஸ்ட்ராப் ஆறு ஓட்டையையும் ஒரே மூச்சில் விட்டது. விரல்களில் ரத்தம் ஓடியது ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. வாட்ச் திருப்தியாக அவன் உள்ளங்கையில் படுத்துக்கொண்டது. கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் புகுந்திருந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவன் நிமிர்ந்தபோது ஆறடியில் ஏற்கெனவே பதினோரு பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"சேட்டா, குறச்சு தள்ளி நில்லு," என்றார் பக்கத்தில் இருந்தவர். கொல்லத்துக்காரர். கிளாட்சன் தள்ளி நின்றான். அந்தப் பக்கம் இருந்தவர் மண்டபத்துக்காரர். அதற்கப்பால் நாகப்பட்டினம், இலங்கையின் காலி, காக்கிநாடா. ஆறடி என்பது எல்லாக் கடலிலும் ஒன்றுதான் என்பதால் எல்லோரும் இங்கேதான் வந்து நின்றார்கள். தூத்துக்குடிக்காரர் யாரும் இல்லை. அந்த மூன்று பேரும் எழுதியிருந்தபடியே போனவர்கள்.

"மொதல்ல எத்தன?" என்று கேட்டார் மண்டபத்துக்காரர்.

"அறுநூறு."

"எனக்கு முன்னூறு. கடைசில நிக்கிறாரே, அவருக்கு ஆயிரம். மூணு சைபர் போயி ஒண்ணுதான் மிச்சம், ஓரடி. வெக்கப்பட்டு நம்மகூட வந்து நிக்கிறாரு. எதால அழிச்சது?"

"தீக்குச்சி."

"எனக்குக் குண்டூசி. யாரு, வீட்டுலயா?"

"வீட்டுலதான்."

"எல்லாருக்கும் வீட்டுலதான்," என்றார் அவர். வரிசையில் இருந்த பலரும் தலையை ஆட்டினார்கள்.

"வாட்ச்தான் விட்டுட்டே. நீங்க ஏறலையா?" என்று கிளாட்சன் கேட்டான்.

மண்டபத்துக்காரர் மேலே கண்ணைக் காட்டினார். கரைப்பக்கம், தண்ணீருக்கு அப்பால், நாலு வெள்ளை நாற்காலிகள் நெளிந்து தெரிந்தன. ஒரு லென்ஸ் வெயிலில் மின்னியது. எல்லாக் கரையிலும் இதே மாதிரி நாற்காலியும் லென்ஸும் இருக்கும் போல.

"இருட்டுனதும் அவனுவ போயிருவானுவ. அப்ப ஏறலாம்னுதான் நெனச்சு நின்னேன்," என்றார் அவர். "இருட்டுனதும் நெனப்பு மாறிரும். நாளைக்குக் காலைல ஒருத்தன் மணி கேக்காமப் போவானே, அது நெனப்புல வரும். பதினாலு வருஷம் ஆயிட்டு."

கிளாட்சன் கரையைப் பார்த்தான். நாற்காலிகளுக்கு முன்னால், தண்ணீர் தொடும் இடத்தில், ஜெனோவாவின் பாதம் இரண்டும் தெரிந்தன. சேலைக் கரை நனைந்து ஒட்டியிருந்தது. இருபது எட்டு நடந்தால் போதும். அவன் ஒரு காலை எடுத்தான். லென்ஸ் மறுபடி மின்னியது. எடுத்த காலை அங்கேயே வைத்தான். இப்போது போக வேண்டாம், கொஞ்சம் கழித்துப் போகலாம் என்று நினைத்தான். மூச்சு முட்டவில்லை.

மத்தியானம் ஆனதும் கடல் வாங்கத் தொடங்கியது. ஆறடி ஐந்தே முக்கால் ஆனது. கொல்லத்துக்காரரின் உச்சி முடி தண்ணீருக்கு மேலே தெரியப் பார்த்தது.

"வத்தம் ஆரம்பிச்சாச்சு," என்றார் மண்டபத்துக்காரர். "ஒரு எட்டு உள்ள வையுங்க. பெருகும்போது திரும்பக் கரைப்பக்கம் வந்துகிடலாம்."

பதினோரு பேரும் ஒரே நேரத்தில் ஓர் எட்டு உள்ளே வைத்தார்கள். கிளாட்சனும் வைத்தான்.

கரையில் தண்ணீர் ஓர் எட்டு பின்வாங்கியிருந்தது. ஜெனோவா குனிந்து பார்த்தாள். துண்டை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு அவளும் ஓர் எட்டு முன்னே வைத்தாள்.